சேற்று பாக்டீரியாவும் மால்டி-டாஃப் கருவியும்

கேள்வி: பள்ளிக்கரணைச் சதுப்புநிலச் சேற்றிலிருந்து பிரித்து வளர்த்த பாக்டீரியாக்களை, புரதங்களின் எடையை அளந்து இனத்தை அடையாளம் காணும் மால்டி-டாஃப் கருவியில் சோதித்தோம். மருத்துவமனைகளில் சில நிமிடங்களிலேயே பெயர் சொல்லும் அதே கருவி, எங்கள் மாதிரிகளில் பலவற்றுக்கு ‘நம்பகமான அடையாளம் இல்லை’ என்கிறது. பிழை எங்கே?

– முதுகலை மாணவி, வேளச்சேரி

பதில்: பெரும்பாலும் ஒப்பீட்டுத் தரவுத்தொகுப்பில்தான். எஃகுத் தட்டில் தடவிய காலனியின் மேல் லேசர் ஒளியை உறிஞ்சும் மேட்ரிக்ஸ் கரைசலை விட்டு உலர்த்தி லேசரைப் பாய்ச்சும்போது, புரதங்கள் உடையாமல் மின்னூட்டம் பெற்றுக் கிளம்பி, வெற்றிடக் குழாயில் எடை குறைந்தவை முந்தியும் மிகுந்தவை பிந்தியும் உணரியை அடைகின்றன. இப்படி 2,000 முதல் 20,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரை பதிவாகும் எடைகளின் வரிசையே அந்தப் பாக்டீரியாவின் கோலம்; அதில், செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் புரதங்களே மிகுதி. கருவி செய்வதெல்லாம் அக்கோலத்தைத் தன்னிடம் உள்ளவற்றோடு ஒப்பிடுவதே. அத்தொகுப்புகள் நோயாளிகளிடமிருந்து கிடைத்த கிருமிகளைப் பெரும்பாலும் கொண்டு வளர்ந்தவையாதலால், சேற்றில் வாழும் இனங்கள் அவற்றில் குறைவு.

செய்முறையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நாள்பட்ட வளர்ப்பில் பாசில்லஸ் வகை பாக்டீரியா வித்துகளை (ஸ்போர்களை) உண்டாக்கி கோலத்தையே மாற்றிவிடும். தடித்த செல்சுவர் கொண்டவற்றுக்கு ஃபார்மிக் அமிலமும் அசிட்டோநைட்ரைலும் கொண்டு புரதத்தைப் பிரித்தெடுத்தால் முடிவு தெளிவாகும்.

பெயர் கிடைக்காத கோலங்களை ஒதுக்கிவிட வேண்டாம்; என் கருத்தில், சுற்றுச்சூழல் ஆய்வுக்கு இக்கருவியின் பெரும்பயன் அங்கேதான் இருக்கிறது. ஒத்த கோலங்களைக் குழுக்களாக்கி, குழுவுக்கு ஒன்றை மட்டும், பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவின் வரிசைப்படுத்தலுக்கு அனுப்பினால், ஒரே பாக்டீரியாவுக்குத் திரும்பத் திரும்பச் செலவழிப்பது மிச்சமாகும். அவ்வாறு உறுதியானவற்றின் கோலங்களை உங்கள் ஆய்வகத் தொகுப்பிலேயே சேர்த்து வைத்தால், அடுத்த மழைக்காலத்து மாதிரிகளுக்குக் கருவியே விடை சொல்லத் தொடங்கும்.

கோலங்களை ஒப்பிட்டுப் பொருத்தத்துக்கு மதிப்பெண் தரும் பயோடைப்பர் மென்பொருளில் 2.00 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்பெண் இன அளவிலும், 1.70 முதல் 1.99 வரை பேரின அளவிலும் கொள்ளத்தக்கவை என்பது வழக்கம். உயர்ந்த மதிப்பெண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக் கூடாது: கழிவுநீர் கலக்கும் கூவம், அடையாறு மாதிரிகளில் ‘ஈ.கோலை’ என்ற குடல் பாக்டீரியாவாக வருவது, சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லாவாகவும் இருக்கலாம். இவ்விரண்டின் புரதக் கோலங்களும் மிக நெருங்கியவை என்பதால், அவற்றை உயிர்வேதியியல் சோதனையாலோ மரபணுச் சோதனையாலோ பிரித்தறிய வேண்டும்.