உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ராக் பேண்ட் எது, ஏன் அது மட்டும்?

யோசிக்கவே வேண்டாம், லெட் செப்பலின்தான். ஆனா ஏன்னு சேர்த்துக் கேட்டிருக்கீங்க, அதுக்குத்தான் கொஞ்சம் நீளமா எழுத வேண்டியிருக்கு.

இந்தப் பேச்சு வந்தாலே எல்லாரும் கிட்டார்ல ஆரம்பிப்பாங்க, இல்லன்னா பாடுறவர்கிட்ட இருந்து ஆரம்பிப்பாங்க. நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் கேட்டுட்டு இருந்தேன். ஜிம்மி பேஜ் கிட்டார்ல திரும்பத் திரும்ப வர்ற ரிஃப், ராபர்ட் பிளான்ட்டோட தொண்டை, அவ்வளவுதான் என் காதுல விழும். டிரம்ஸ் பாட்டுக்குப் பின்னாடி ஓடிட்டு இருக்கும். 1969-ல வந்த அவங்க முதல் ஆல்பத்தோட முதல் பாட்டு குட் டைம்ஸ் பேட் டைம்ஸ், அதை நூறு தடவைக்கு மேல கேட்டிருப்பேன், அப்புறம்தான் ஒருநாள் நாற்காலில உக்காந்து கேக்குறப்ப வலது கால் தானா தரையில தட்ட ஆரம்பிச்சுது. கால் பெடல்ல அடிக்கிற பெரிய டிரம், அந்த பாஸ் டிரம் எப்படிப் போகுதோ அப்படியே தட்டிப் பாப்போம்னு பாத்தேன். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல இருக்கிற நேரத்த மூணாப் பிரிச்சீங்கன்னா, அதுல கடைசி ரெண்டையும் வலது கால் மட்டுமே "டும்டும்"னு போட்டுட்டுப் போகுது. எனக்கு அரை நிமிஷத்துல கெண்டைக்கால் இழுத்துக்கிச்சு. இதக் கேட்ட நிறைய பேர் ரெண்டு பாஸ் டிரம் வச்சு வாசிச்சிருக்காருன்னே நெனச்சிருக்காங்க. கிடையாது, ஒரே டிரம், ஒரே பெடல், ஒரே கால். ஜான் பான்ஹம். அப்ப அந்த ஆளுக்கு வயசு இருபதுதான்.

அன்னிலேர்ந்து நான் ராக் கேக்குற விதமே மாறிப்போச்சு. எந்த பேண்டா இருந்தாலும் முதல்ல டிரம்மர் என்ன பண்றாருன்னுதான் காது போகுது.

1971-ல வந்த நாலாவது ஆல்பத்துல கடைசிப் பாட்டு வென் த லெவீ பிரேக்ஸ். மிசிசிப்பி ஆத்துல 1927-ல வந்த பெருவெள்ளத்தப் பத்தி மெம்ஃபிஸ் மின்னியும் கேன்சஸ் ஜோ மெக்காயும் 1929-ல பதிவு பண்ணின ப்ளூஸ் பாட்டு அது, இவங்க அத எடுத்து வேற ஒண்ணா ஆக்கிட்டாங்க. இங்கிலாந்துல ஹாம்ஷயர் பக்கம் ஹெட்லி கிரேஞ்ச்னு ஒரு பழைய பெரிய கட்டடம், ஸ்டூடியோவே கிடையாது அது, அங்க போய்த் தங்கி ரெக்கார்டிங் வண்டியக் கொண்டுவந்து நிறுத்திட்டு வேலை பண்ணினாங்க. டிரம் செட்ட மாடிப்படிக்குக் கீழ ஹால்ல போட்டுட்டு, இன்ஜினியர் ஆண்டி ஜான்ஸ் படிக்கு மேலேர்ந்து ரெண்டு மைக்கத் தொங்கவிட்டுப் பதிவு பண்ணினாரு. ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்துல ஒரு மைக் வைக்கிற வழக்கத்தையெல்லாம் விட்டுட்டாரு. அதனால நமக்குக் கேக்குறது டிரம்ஸ் மட்டும் இல்ல, அந்த ஹாலு, சுவரு, படிக்கட்டு, அந்த உயரம் எல்லாம் சேர்ந்துதான் கேக்குது. பாட்டு ஆரம்பத்துல சில நொடி வெறும் டிரம்ஸ் மட்டும் வரும், நல்ல ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுப் பாருங்க, அடி விழுந்து அது மேல போய் மோதித் திரும்பி வர்றதுக்குள்ள அடுத்த அடி விழும். அவசரமே இருக்காது. இந்த இடத்த 1986-ல பீஸ்டி பாய்ஸ் அப்படியே எடுத்து அவங்க முதல் ஆல்பத்துல போட்டாங்க. ஹிப் ஹாப் கேக்குற பசங்ககிட்ட கூட இந்த டிரம்ஸப் போட்டுக் காட்டினா "இத எங்கயோ கேட்டிருக்கேனே"ம்பாங்க.

இவ்வளவு பிடிச்சதுக்கு இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெருசு. 1980 செப்டம்பர் 25-ம் தேதி பான்ஹம் செத்துப்போறாரு, 32 வயசுல. அமெரிக்க டூர் கிளம்ப இருந்த நேரம் அது, உலகத்துலயே பெரிய பேண்ட், வேற டிரம்மர் கிடைக்கமாட்டாரா? டிசம்பர் மாசம் ஒரு சின்ன அறிக்கை விட்டுட்டு, இனிமே இப்படியே தொடர முடியாதுன்னு பேண்டையே நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் 1985-ல லைவ் எய்டுங்கிற நிதி திரட்டுற கச்சேரில ஃபில் காலின்ஸும் டோனி தாம்சனும் டிரம்ஸ்ல உக்கார மீதி இருந்த மூணு பேரும் மேடை ஏறினாங்க, சரியாவே வரல, அந்த நிகழ்ச்சிய டிவிடில போடுறப்ப எங்க பகுதி வேண்டாம்னே சொல்லிட்டாங்க. 2007 டிசம்பர்ல லண்டன்ல ஒரே ஒரு நாள் முழுக் கச்சேரி பண்ணினப்ப டிரம்ஸ்ல யாருன்னா பான்ஹமோட பையன் ஜேசன். அதப் பாக்குறப்ப நடுநடுவுல பேஜ் திரும்பி அந்தப் பையனப் பாத்துச் சிரிப்பாரு, அந்த இடத்துல எனக்குக் கண்ணு கலங்கிடும், இப்பவும்.

என் நண்பன் ஒருத்தன் தீவிர பிங்க் ஃபிளாய்ட் ரசிகன். "அதே 1980-ல பான் ஸ்காட் செத்துப்போனாரு, அவரோட பேண்ட் ஏசி டிசிய நிறுத்தினாங்களா? அஞ்சு மாசத்துல பேக் இன் பிளாக் ஆல்பம் வரல?"ன்னு கேப்பான். நியாயமான கேள்விதான். பிப்ரவரில பாடகர் சாவு, ஜூலைல ஆல்பம், அதுவும் அவங்க ஆல்பத்துலயே அதிகம் வித்த ஆல்பம். ஆனா நான் சொல்றது என்னன்னா, அங்க மாறினது பாடகர். அடியில டிரம்ஸ்ல ஃபில் ரட்டும் ரிதம் கிட்டார்ல மால்கம் யங்கும் அப்படியே இருந்தாங்க, அதனாலதான் மேல யார் பாடினாலும் அது ஏசி டிசியாவே கேட்டுது. அவனோட ஃபிளாய்டையே எடுங்க. சிட் பேரட் போனாரு, ரோஜர் வாட்டர்ஸ் போனாரு, ரிக் ரைட்ட நடுவுல வெளிய அனுப்பினாங்க, டேவிட் கில்மர் பின்னாடி வந்து சேர்ந்தவரு. முதல் ஆல்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் எல்லா ஆல்பத்துலயும் இருக்கிற ஒரே ஆள் நிக் மேசன், டிரம்மர். இத நான் சொன்னப்ப அவன் ரொம்ப நேரம் பேசல.

வேகமா அடிக்கிறவர்தான் நல்ல டிரம்மர்னு நான் சொல்லவே இல்ல. ரோலிங் ஸ்டோன்ஸ்ல சார்லி வாட்ஸ் ஸ்னேர்ங்கிற சின்ன டிரம்ல அடிக்கிறப்ப, ஹை ஹாட்ங்கிற ஜோடித் தட்டுல இருக்கிற வலது கைய லேசாத் தூக்கிடுவாரு, ஹை ஹாட்ல அந்த ஒரு அடி அங்க விட்டுப்போகும், பாட்டு மூச்சு விடுற மாதிரி இருக்கும். ரிங்கோ ஸ்டார் இடது கைக்காரர், வலது கைக்காரங்களுக்குப் போடுற மாதிரி செட் போட்டு வாசிப்பாரு, அதனால அவரோட ஃபில்ஸ், அதாவது வரிகளுக்கு நடுவுல போடுற சின்ன உருட்டல், மத்தவங்க போற வழில போகாது. பீட்டில்ஸ்ல அவர் அதிர்ஷ்டத்துல வந்தவர்னு யாராவது சொன்னா எனக்குக் கோவமே வரும்.

டெஃப் லெப்பர்ட் பாட்டு எனக்குப் பெருசாப் பிடிக்காது, ரொம்ப மெருகு போட்ட சத்தம், ஆனா அந்த பேண்ட் மேல மரியாதை உண்டு. 1984 கடைசி நாள் கார் விபத்துல அவங்க டிரம்மர் ரிக் ஆலனுக்கு இடது கையே போயிடுச்சு, 21 வயசு. மத்தவங்க வேற ஆள் தேடல, காத்திருந்தாங்க. இடது கை வேலையையெல்லாம் இடது கால்ல செய்யுற மாதிரி எலக்ட்ரானிக் பெடல் வச்சு ஒரு செட் தயார் பண்ணி, முதல்லேர்ந்து கத்துக்கிட்டு வாசிச்சாரு. 1987-ல ஹிஸ்டீரியா வந்துச்சு.

அப்புறம் பிளாக் சாபத். 2017-ல கடைசி டூர்னு சொல்லி முடிச்சப்ப பழைய டிரம்மர் பில் வார்ட் இல்லாமயே முடிச்சாங்க, அது எனக்கு ஒட்டவே இல்ல, அவருக்குப் பதிலா வாசிச்சவர் நல்ல டிரம்மர்தான், ஆனா முதல்ல இருந்த நாலு பேர் இல்லையே. 2025 ஜூலை 5-ம் தேதி அவங்க சொந்த ஊரான பர்மிங்ஹாம்ல, பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் நிக்க முடியாம சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலில உக்காந்து பாட, கிட்டார்ல டோனி அயோமி, பாஸ் கிட்டார்ல கீஸர் பட்லர், அவங்களுக்குப் பின்னாடி பில் வார்ட். இருபது வருஷம் கழிச்சு நாலு பேரும் ஒரே மேடைல. வயசாயிடுச்சு, அடில பழைய பலம் இல்ல, சில இடத்துல தாளம் பின்தங்குது, ஆனா அயோமியும் பட்லரும் அவருக்காக அங்கங்க காத்திருந்து சேர்ந்து போன மாதிரிதான் எனக்குக் கேட்டுது. அடுத்த 17-வது நாள் ஓஸி போயிட்டாரு. அந்தக் கச்சேரிய இன்னொரு தடவை முழுசாப் பாக்க இன்னும் எனக்கு மனசு வரல.