கையால் பிழிந்தாலே வரும் சாறு

கே: மருந்துக் கடைகளுக்கான இருப்புக் கணக்கு ஆப் ஒன்றை நானும் நண்பர்களும் உருவாக்கியிருக்கிறோம். காட்டிய இடமெல்லாம் "பிரமாதம்" என்கிறார்கள். இலவசமாகக் கொடுத்தும் இரண்டாம் நாள் யாரும் திறப்பதில்லை. ஒரு முதலீட்டாளர் கிடைத்தால் நிமிர்ந்துவிடலாம் அல்லவா?
– வாசகர், ஈரோடு

ப: எதிரில் ஆசையோடு உட்கார்ந்திருப்பவரிடம் "பிரமாதம்" என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்கள்? அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பணம் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் ஜூசெரோ என்றொரு நிறுவனம் சுமார் 12 கோடி டாலர் முதலீடு திரட்டியது. அது செய்தது பழச்சாறு பிழியும் இயந்திரம். 2016இல் விலை 699 டாலர். நறுக்கிய காய்கறியும் பழமும் அடைத்த பைகளையும் அவர்களிடமே வாங்க வேண்டும். இயந்திரம் வைஃபையில் இணைந்து, பையின் மேலுள்ள குறியீட்டைப் படிக்கும். காலாவதியான பை என்றால் பிழிய மறுத்துவிடும். 2017 ஏப்ரலில் ப்ளூம்பெர்க் செய்தியாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பையை எடுத்துக் கையால் பிழிந்தார்கள். ஏறக்குறைய அதே அளவு சாறு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் விற்பனையை நிறுத்திவிட்டது.

இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தவர்கள் அதன் வேலைப்பாட்டைப் பாராட்டினார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கெட்டிக்காரப் பொறியாளர்கள், தேவையில்லாத ஒன்றை அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்கிறார்கள். கையில் காசு குறைவாக இருந்திருந்தால், அந்தப் பையை முதல் மாதமே யாராவது பிழிந்து பார்த்திருப்பார்கள்.

நீங்கள் முதலீட்டாளரைத் தேடும் முன், மாலை ஏழு மணிக்குக் கூட்டம் மொய்க்கும் ஒரு மருந்துக் கடையில் ஓரமாக நின்று பாருங்கள். வாயைத் திறக்கக் கூடாது. மாத்திரை தீர்ந்ததும் கடைக்காரர் என்ன செய்கிறார்? கல்லாவின் பக்கத்தில் கிடக்கும் நோட்டில் பெயரைக் கிறுக்குகிறாரா, காலி அட்டையைப் படமெடுத்து மொத்த வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாரா? உங்கள் போட்டி அந்த நோட்டோடுதான். அதைவிட ஒரு விநாடி கூடுதலாகப் பிடித்தாலும் உங்கள் ஆப் தோற்கும்.

கே: அலுவலகக் குழுக்கள் பேசிக்கொள்ளும் ஆப்பான ஸ்லாக், ஒரு வீடியோ விளையாட்டிலிருந்து பிறந்ததாமே? இதை அதிர்ஷ்டம் என்பதா, திறமை என்பதா?
– வாசகி, திருச்சி

ப: ஸ்லாக்கின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டின் குழு 2011 செப்டம்பரில் கிளிட்ச் என்ற இணைய விளையாட்டை வெளியிட்டது. சண்டை இல்லாத விளையாட்டு. பட்டாம்பூச்சியிடம் பால் கறக்கலாம்! விரும்பியவர்கள் உயிராய் விரும்பினார்கள். மற்றவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் வெளியேறினார்கள். போதாததற்கு அது, பெரும்பாலும் கணினி உலாவிகளில் ஓடும் ஃபிளாஷ் என்ற தொழில்நுட்பத்தில் எழுதப்பட்டது. உலகம் கைப்பேசிக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். 2012 டிசம்பரில் மூடினார்கள்.

குழுவினர் வெவ்வேறு ஊர்களில் இருந்தார்கள். பேசிக்கொள்ள ஐஆர்சி என்ற பழைய அரட்டை முறையைப் பயன்படுத்தினார்கள். அதில் ஆள் இல்லாத நேரத்தில் வந்த செய்தி தங்காது. சேமித்துவைக்க ஒரு ஒட்டு நிரல், பழையதைத் தேட இன்னொரு ஒட்டு நிரல் என்று தேவைப்பட்டபோதெல்லாம் சேர்த்துக்கொண்டே போனார்கள். யாரும் திட்டமிடவில்லை, யாரும் அதைத் தயாரிப்பு என்று நினைக்கவும் இல்லை. விளையாட்டு போன பிறகும் அது இல்லாமல் வேலை செய்ய முடியாது என்று தெரிந்தது. அதைத்தான் புதிதாக எழுதி, ஸ்லாக் என்ற பெயரில் 2013 ஆகஸ்டில் முன்னோட்டமாக வெளியிட்டார்கள். 2021இல் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் வாங்கியபோது விலை சுமார் 2,770 கோடி டாலர்.

அதிர்ஷ்டம் உண்டுதான். ஆனால் கையிருப்பு முழுவதும் கரையும் முன்பே விளையாட்டை நிறுத்தினார்களே, அதை அதிர்ஷ்டத்தில் சேர்க்க மாட்டேன். கடைசி டாலர் வரை பட்டாம்பூச்சிக்கே செலவழித்திருந்தால் ஸ்லாக்கை எழுதச் சம்பளம் இருந்திருக்காது.

கே: எங்கள் ஆப்பில் பல வசதிகள் உள்ளன. ஒன்றை மட்டும் பயன்படுத்துகிறார்கள். அதைப் பற்றித்தான் புகார்களும் குவிகின்றன. என்ன செய்யலாம்?
– வாசகர், கோவை

ப: வாழ்த்துகள். வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் நான் அஞ்சியதெல்லாம் தொலைபேசியே வராத வசதிகளுக்குத்தான். மேலாளர் பெருமையோடு திறந்துவைத்த அறிக்கைப் பக்கம் ஒன்று இருந்தது. பாதி நாள் அது திறக்கவே திறக்காது. ஒருவர்கூடத் திட்டவில்லை.

இன்ஸ்டாகிராமின் முதல் வடிவம் பர்பன். இருக்குமிடத்தைப் பதிவது, நண்பர்களோடு திட்டமிடுவது என்று அதில் என்னென்னவோ இருந்தன. மக்கள் படம் போடுவதை மட்டும் விடாமல் செய்வதைப் பார்த்த கெவின் சிஸ்ட்ரமும் மைக் க்ரீகரும் படம், கருத்து, விருப்பம் மூன்றையும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டார்கள். 2010 அக்டோபரில் வெளியிட்ட முதல் நாளே சுமார் 25,000 பேர் சேர்ந்தார்கள்.

புகார்களைத் தீர்க்கும் வேலையை முதலில் முடியுங்கள். மற்ற வசதிகளை அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் எடுத்துவிடுங்கள். யாராவது தேடி வந்து கேட்டால் திருப்பிக் கொடுத்துக்கொள்ளலாம்.