பதில்: அம்மாவுக்கு டாங் குவாய் சூப் கொடுக்கலாமா?

அம்மாவுக்கு மார்பகப் புற்று அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம், டமாக்ஸிஃபென் மாத்திரை தொடங்கியாயிற்று, பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி அன்போடு டாங் குவாய் என்ற சீன மூலிகை வேர் போட்ட சூப் கொண்டு வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு "ரத்தம் ஊற" சீனக் குடும்பங்களில் காலங்காலமாகக் கொடுக்கிற வேர் அது. அம்மாவின் நிலை வேறு. டமாக்ஸிஃபெனை ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள, அதாவது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனால் வளரக்கூடிய, புற்றுக்குத்தான் கொடுப்பார்கள். ஆய்வகத்தில் டாங் குவாய்ச் சாறு அப்படிப்பட்ட மார்பகப் புற்றுச் செல்களை வளரத் தூண்டியிருக்கிறது. மனித உடலிலும் அதேதான் நடக்கும் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் ஒரு சூப்புக்காக அந்த ரிஸ்க் எதற்கு? ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவையும் இது கூட்டும். சிங்கப்பூர் சூப்பர்மார்க்கெட்டில் விற்கிற 'பா சென்' (எட்டு மூலிகை) சூப் பொட்டலத்திலும் டாங் குவாய் உண்டு, பாருங்கள்.

சீன மருத்துவமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அசதிக்கு ஹுவாங் சீ வேரைப் பல சீன மருத்துவர்கள் தருகிறார்கள். சிங்கப்பூரில் அவர்களுக்குச் சட்டப்படி பதிவு உண்டு. பதிவு பெற்றவரிடமே போங்கள். என்னென்ன மூலிகை, எவ்வளவு என்று எழுதி வாங்கி, புற்றுநோய் மருத்துவரிடமோ மருத்துவமனை மருந்தாளரிடமோ காட்டிவிட்டு அப்புறம் கொடுங்கள். கீமோ இருக்கிறதென்றால் அது முடியும்வரை எந்த மூலிகையும் வேண்டாம். அக்குள் நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்தால், அந்தப் பக்கக் கையில் ஊசி குத்த விடாதீர்கள்.

ஆன்டியிடம் இஞ்சி போட்ட வெறும் கோழி சூப் கேளுங்கள், சந்தோஷமாகச் செய்து தருவார்.