ஸ்லீப் அப்னியாவுக்கு சிபாப் மெஷின் தவிர வேறு வழி உண்டா?

மிதமான ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு விட்டு விட்டு நிற்கும் நோய், என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, ஆயுசு முழுக்க மாஸ்க் வழியே காற்றை அனுப்பும் சிபாப் மெஷினை மாட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. சில வருடங்களாக அந்த மெஷினோடு தூங்குகிறவன், அவ்வளவுதான்.

முதலில் ரிப்போர்ட்டில் ஏஎச்ஐ எண்ணைப் பாருங்கள். மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு அது. 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரம். மல்லாந்து படுக்கும்போது எவ்வளவு, ஒருக்களித்தால் எவ்வளவு என்றும் பிரித்துப் போட்டிருப்பார்கள். மல்லாந்தால் மட்டும் எண் எகிறுகிறது என்றால், ஒருக்களித்துப் படுக்கப் பழகுவதே பாதி சிகிச்சை.

மிதமான நிலைக்குப் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தரும் வாய்க்கருவி ஒன்று உண்டு. கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்காது. காலையில் தாடை வலிக்கும், வருடக்கணக்கில் போட்டால் பல்வரிசை சற்று நகரலாம். ஆன்லைனில் விற்கும் ரெடிமேட் சமாச்சாரங்களை வாங்காதீர்கள்.

ஆபரேஷன்? டான்சில் வீங்கிய குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அதுதான் முதல் வழி. பெரியவர்களுக்கு உள்நாக்கையும் மேலண்ணத்தையும் வெட்டிச் சரிசெய்வதில் வலி அதிகம், பலன் ஆளுக்கு ஆள் மாறும். நாக்கு நரம்பைத் தூண்டும் கருவியை நெஞ்சில் பொருத்தும் முறைக்கு அமெரிக்காவில் 2014-இல் அனுமதி கிடைத்தது. செலவு ஏகத்துக்கும் ஆகும்.

உடல் பருமன் இருந்தால் எடைக் குறைப்புதான் அடிப்படையையே தொடும் சிகிச்சை. எடையைக் குறைக்கும் டிர்செபடைடு ஊசியை, பருமனோடு மிதமான அல்லது தீவிர அப்னியா உள்ளவர்களுக்கென்றே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 டிசம்பரில் அனுமதித்தது. ஆனால் ஒல்லியானவர்களுக்கும் இந்த நோய் வரும். சின்னத் தாடை, குறுகிய தொண்டை உள்ளவர்களிடம் போய் எடையைக் குறை என்று சொல்லி என்ன பயன்?

சரி, சிபாப். நம் ஊரில் பலர் இதை ஆக்ஸிஜன் மெஷின் என்று நினைத்து மிரள்கிறார்கள். அறையில் இருக்கும் காற்றையே லேசான அழுத்தத்தில் அனுப்பி, தூக்கத்தில் தளர்ந்துபோகும் தொண்டை மூடிக்கொள்ளாமல் பிடித்து வைக்கிறது, வேறொன்றுமில்லை. ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் 1981-இல் இதை வெளியிடும் முன்பு, தீவிர நோயாளிகளுக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் வழி.

என் பார்வையில், மெஷினைப் பரணில் போட்டவர்களில் பலரை விரட்டியது மாஸ்க்தான். மூக்குத் துளையில் மட்டும் பொருந்துவது, மூக்கை மூடுவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது என்று வகைகள் இருக்கின்றன. வாய் திறந்து தூங்குகிறவர் மூக்கு மாஸ்க்கைப் போட்டால் காற்றெல்லாம் வாய் வழியே போய், நாக்கு வறண்டு எழுந்துவிடுவார். மூக்கடைப்பு இருந்தால் இஎன்டி டாக்டரிடம் அதை முதலில் சரிசெய்யுங்கள். கடைக்காரர் தருவதை அப்படியே வாங்காமல், வாடகைக்கு எடுத்து, அளவு மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். டிவி பார்க்கும்போது மாட்டிப் பழகினால் மூச்சு முட்டும் பயம் குறையும். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓடும். ஈரப்பதமூட்டியை அணைத்துவிட்டால் இன்னும் நேரம் தாங்கும்.

உங்கள் நிலைக்கு, ஒரு மாதம் சிபாப்பை ஒழுங்காகப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒத்துவராவிட்டால் வாய்க்கருவி பற்றிக் கேளுங்கள் என்பேன். எதைச் செய்தாலும் மறுபடி ஒரு ஸ்லீப் ஸ்டடி (தூக்கப் பரிசோதனை) எடுத்து ஏஎச்ஐ எண் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்; குறட்டை நின்றதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அப்புறம், ராத்திரி மதுவும் டாக்டரைக் கேட்காத தூக்க மாத்திரையும் வேண்டாம், இரண்டும் தொண்டையை இன்னும் தளர்த்தும். பகலில் கண் சொருகுவது நிற்கிற வரைக்கும் வண்டிச் சாவியை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.