புற்றுநோய் கூடிவிட்டதா? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

எங்கள் தெருவில் இந்த இரண்டு வருடத்தில் மட்டும் மூன்று பேருக்குப் புற்றுநோய். ஒருவர் இறந்துவிட்டார். தாத்தா காலத்தில் இப்படிக் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார் அப்பா. உரம், பிளாஸ்டிக், பாக்கெட் தீனி என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். உலகம் முழுக்கவே கூடிக்கொண்டு போகிறது என்று செய்தியில் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. அம்மாவுக்கு 52 வயது. டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம் என்றால், "வாயைக் கழுவு, அந்தப் பேச்சே வேண்டாம்" என்கிறார். வருவது வந்துதான் தீருமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் அம்மா சொன்ன அந்த வரியைத் தாண்டிப் போக முடியாமல் மூன்று நாள் பதில் எழுதாமல் இருந்தேன். அதற்கு வருகிறேன்.

முதலில் எண்ணிக்கை. கூடியிருப்பது உண்மைதான். 2022-இல் உலகத்தில் சுமார் 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது, 97 லட்சம் பேர் இறந்தார்கள். ஆனால் இந்தக் கூடுதலில் பெரும்பங்கு மக்கள்தொகை பெருகியதாலும், நாம் முதுமை வரை உயிரோடு இருப்பதாலும் வருவது. சுதந்திரம் கிடைத்தபோது நம் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டி இருந்தது, இன்று 70. உங்கள் தாத்தா காலத்தில் காலராவும் அம்மையும் காசநோயும் முந்திக்கொண்டன. வயிற்றுவலி என்று படுத்து இளைத்துப்போன எத்தனையோ பேரை என்ன வியாதி என்று பெயர்கூடத் தெரியாமல்தான் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனார்கள். உரமும் பிளாஸ்டிக்கும் நல்லது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தடுக்கக்கூடிய காரணங்களில் ஆகப் பெரியது இன்றைக்கும் புகையிலைதான், அதைப் பற்றி ஏனோ யாரும் தெருவில் பேசுவதில்லை.

என்னை உறுத்துவது வேறு கணக்கு. வளர்ந்த நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது, அந்த நோயால் இறப்பவர் 71 பெண்களில் ஒருவர். மிகவும் பின்தங்கிய நாடுகளில் 27 பெண்களில் ஒருவருக்குத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது, ஆனால் 48 பெண்களில் ஒருவர் அதனால் இறக்கிறார். நோயாளிகள் குறைவு, சாவு அதிகம். தெரியவருவதற்குள் முற்றிவிடுகிறது, தெரிந்த பிறகும் வைத்தியம் கைக்கெட்டுவதில்லை.

என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். மாதவிலக்கு நின்று ஐந்து வருடம் கழித்து அவருக்குத் திரும்பவும் ரத்தம் பட ஆரம்பித்தது. உடம்புச் சூடு என்று தானே முடிவு செய்துகொண்டு வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். கிணற்றடிக் கொடியில் தன் பச்சைச் சேலையை விரித்து, அதற்கு அடியில் யாருக்கும் தெரியாமல் அந்தத் துணிகளைக் காயப்போடுவார். ஒருநாள் திடீரென்று மழை பிடித்துக்கொள்ள, சேலையை எடுக்க ஓடிய அக்கா கையில், நாலாக மடித்த, துவைத்துத் துவைத்துக் கறை போகாத துணிகள் வந்தன. அதற்குள் ஒன்றரை வருடம் ஓடியிருந்தது. கருப்பை வாயில் புற்றுநோய், பக்கத்திலும் பரவிவிட்டது என்றார்கள். கரண்ட் வைத்தார்கள். பதினான்கு மாதம் இருந்தார். 57 வயது.

இதே நோய்க்கு 2022-இல் உலகத்தில் சுமார் 3.5 லட்சம் பெண்கள் இறந்தார்கள், அதில் ஏறக்குறைய 80,000 பேர் இந்தியர்கள். ஆனால் இதைப்போல நமக்கு அவகாசம் கொடுக்கிற புற்றுநோய் அபூர்வம். ஹெச்.பி.வி. என்ற வைரஸ்தான் காரணம்; அதைக் கண்டுபிடித்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸ் தொற்றியதிலிருந்து புற்றாக மாறப் பெரும்பாலும் பதினைந்து, இருபது வருடம் பிடிக்கும். அத்தனை வருடமும் அது வெறும் கெட்டுப்போன தோல்தான், பார்த்துவிட்டால் எடுத்துவிடலாம்.

எப்படிப் பார்ப்பது? திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் ஆரம்பித்து ஓர் ஆய்வு நடந்தது. 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்ஸுகள், வினிகரில் இருக்கிற அதே அமிலத்தை 4 சதவீதமாகக் கலந்து பஞ்சில் தொட்டுக் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தார்கள். கெட்ட இடம் இருந்தால் வெளுத்துத் தெரியும். தெரிந்தால், முடிந்தவரை அப்போதே உறையவைத்து அழித்துவிட்டார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை இப்படிப் பார்த்ததற்கே, பார்க்காத ஊர்களைவிட அந்த ஊர்களில் இந்த நோயால் சாவது 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியாகி, உலகமே எடுத்துப் பேசிய ஆய்வு. நம் திண்டுக்கல்லில், நம் நர்ஸுகள் கையால் நடந்தது!

அப்புறம் என்ன ஆனது? 2019–21 குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுக்குள் இருக்கிற இந்தியப் பெண்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர். வசதி இல்லை என்று மட்டும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே 30 வயது தாண்டிய பெண்களுக்கு இலவசமாகச் செய்கிறார்கள். வீட்டுக்குள் அந்தப் பேச்சை எடுக்க முடிவதில்லை, அதுதான் சிக்கல்.

வருவது வந்துதான் தீருமா என்று கேட்டீர்கள். எல்லாப் புற்றுநோய்க்கும் என்னால் பதில் சொல்ல முடியாது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு, வந்துதான் தீரவேண்டும் என்பதில்லை என்று உறுதியாகச் சொல்வேன். உங்களுக்குத் தங்கையோ அக்கா மகளோ இருந்தால், 9 முதல் 14 வயதுக்குள் இந்த வைரஸுக்கான தடுப்பூசி போட்டுவிடுங்கள். அம்மாவிடம் புற்றுநோய் என்ற வார்த்தையைச் சொல்லாதீர்கள், பயந்துவிடுவார். "கர்ப்பப்பை டெஸ்ட், ஐந்து நிமிஷம், பார்ப்பது நர்ஸம்மாதான்" என்று மட்டும் சொல்லி, உங்கள் அத்தையையோ சித்தியையோ துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அப்படியும் மாட்டேன் என்றால் என் பெரியம்மா கதையைச் சொல்லுங்கள். சேலைக்கு அடியில் காயப்போட்ட துணியையும் விடாமல் சொல்லுங்கள்.