சம்பந்தமே இல்லாத பல பொருள்களுக்கு ஒரே விலங்கின் பெயர் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா?

எங்கள் ஊரில் அப்படிப் பெயர் கொடுத்த விலங்கு எது என்று கேட்டால், மதுரைக்காரன் நான், யானைமலை, யானைக்கல், ஆனையூர் என்று அடுக்குவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். மலையைப் பார்த்தால் யானை படுத்திருப்பது போல இருக்கிறது, பெயர் வைத்துவிட்டார்கள். அதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. என் ஓட்டு கிளிக்கு. (பறவை எப்படி விலங்காகும் என்று சண்டைக்கு வராதீர்கள்.)

மீனாட்சி கையிலேயே கிளி இருக்கிற ஊர் இது. கோயிலில் பொற்றாமரைக் குளத்தை ஒட்டிக் கிளிக்கூட்டு மண்டபம் என்று ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அங்கே நிஜக் கிளிகளே இருந்தன, இப்போது பெயர் மட்டும்தான். வெளியே வந்தால் தள்ளுவண்டியில் கிளிமூக்கு மாங்காய், பூ மாதிரி கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவித் தருவார்கள். பெங்களூரா என்பதும் இதைத்தான், கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகளுக்குப் போவதும் இதுதான். பழுத்தால் சுமார். காயாகத் தின்னத்தான் லாயக்கு என்பது என் கட்சி.

அதே மூக்கால் பெயர் வாங்கிய இன்னொன்று கிளிமூக்குச் சேவல். மதுரை, திண்டுக்கல், தேனி வட்டாரத்தில் இதை வளர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், லேசில் விட மாட்டார்கள். அலகு குட்டையாக, தடித்து, கீழே வளைந்திருக்க வேண்டும். வால் நீளமாக, முதுகோடு ஒரே மட்டத்தில் பின்னால் நீட்டி நிற்க வேண்டும், விசிறிவால் என்பார்கள். இதைச் சண்டைக்கு விடுவதில்லை, எல்லாம் அழகுக்குத்தான். கண்காட்சி வைத்துப் பரிசு கூடக் கொடுக்கிறார்கள். தரமான சேவல் லட்ச ரூபாயைத் தாண்டிப் போகும். ஆனால் அசல் பச்சைக்கிளியை வீட்டில் கூண்டில் வைத்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கிளி ஜோசியக்காரர்கள் பாடு திண்டாட்டமானதும் அதனால்தான்.

எல்லாவற்றிலும் எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கிளி. அது முழுக்க முழுக்க இலையும் பூவும். மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் மூக்கு, கட்டுவதற்கு வாழைநார். கண்ணுக்கு வைப்பது காக்காய்ப்பொன், அதாவது பளபளக்கும் அபிரகம்! கிளிக்குக் கண் கொடுப்பது காக்கை பெயரில் உள்ள ஒரு பொருள் என்றால் பாருங்கள். தினமும் புதிதாகக் கட்டி, ஆண்டாளின் இடது கையில் வைக்கிறார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு ஆண்டாள் சூடிய மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்கு வருமே, அதோடு இந்தக் கிளியும் வரும்.

இதுவரை சொன்னதில் மூக்கோ பச்சை நிறமோ ஏதோ ஒரு ஒட்டு இருக்கிறது. கிளித்தட்டு விளையாட்டில் அதுவும் கிடையாது. தரையில் கட்டம் போட்டு, எதிரணி கடந்து போகாமல் குறுக்குக் கோட்டுக்கு ஓர் ஆள் மறித்து நிற்பார்கள். அவர்கள் தங்கள் கோட்டை விட்டு நகரக் கூடாது. ஒருவர் மட்டும் நடுக்கோட்டில் மேலும் கீழும் ஓடி யாரை வேண்டுமானாலும் தொடலாம். அவர்தான் கிளி. எங்கே எந்தப் பக்கம் வருவார் என்றே தெரியாது, முதுகில் படீரென்று அடி விழுந்த பிறகுதான் தெரியும். இதில் எங்கிருந்து கிளி வந்தது என்று கேட்டால், ஆடுகிறவர்கள் யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அப்புறம் வெட்டுக்கிளி. 2020 மே மாதம் வடக்கே பாலைவன வெட்டுக்கிளி படையெடுத்தபோது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நாலு பூச்சியைப் பார்த்ததற்கே தமிழ்நாடு பதறியது. அதிகாரிகள் போய்ப் பார்த்து, இது உள்ளூர் வகை, அது இல்லை என்றார்கள்.

கிளிமீன் என்றும் ஒன்று இருக்கிறது. அந்தக் கதையை ராமேஸ்வரம் பக்கத்து ஆட்கள் யாராவது எழுதட்டும், எனக்கு வைகை மீனே சரியாகத் தெரியாது.