ஒஃப் லைசென்ஸ் முதல் கலை இரவு வரை: உரிமக் கேள்வி பதில்

ஒஃப் லைசென்ஸ் (வாங்கிக்கொண்டு போக மது விற்கும் கடை), நிகழ்ச்சிகளில் மது, இரவு நேரச் சூடான உணவு ஆகியவற்றுக்கான உரிமம் பற்றி வாசகர்கள் கேட்டவை இவை. இந்தப் பதில்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும், அதாவது 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டம் செல்லும் இடங்களுக்கு மட்டும். ஸ்கொட்லாந்தில் சட்டம் வேறு.

ஹரோ வாசகர்: ஓடுற கடை ஒண்டை வாங்கப் போறன் அண்ணா. லைசென்ஸும் கடையோடயே வருமா?

தானாக வராது. காசு கொடுக்க முதல் கவுன்சில் பதிவேட்டில் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கம்பெனி பெயரில் இருந்தால், அந்தக் கம்பெனி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கம்பனீஸ் ஹவுஸில் (கம்பெனிகளின் அரசுப் பதிவகம்) தேடுங்கள். கம்பெனி லிக்விடேஷனுக்கு (கடன் தீர்த்துக் கலைக்கும் நடவடிக்கைக்கு) போன கணமே உரிமம் காலாவதி. அதன்பின் 28 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பமோ இடைக்கால அதிகார நோட்டீஸோ போடாவிட்டால் அந்த உரிமத்தை மீட்க வழியில்லை, புதிதாகத்தான் கேட்க வேண்டும். கடைகள் நெருக்கமான பகுதி என்று கவுன்சில் அறிவித்த தெருவானால் புது உரிமம் கிடைப்பது மிகக் கடினம். உரிமம் காலாவதியானது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

எல்லாம் சரியென்றால் பழைய உரிமக்காரரின் கையெழுத்திட்ட சம்மதத்தோடு பெயர் மாற்றத்துக்கு 23 பவுண், டிபிஎஸ் (DPS, உரிமத்தில் பெயர் குறித்த கடைப் பொறுப்பாளர்) மாற்றத்துக்கு இன்னொரு 23 பவுண். இரண்டிலும் 'உடனடியாக நடைமுறைக்கு' என்ற பெட்டியில் அடையாளமிடுங்கள். சம்மதக் கையெழுத்தைச் சாவி வாங்கும் அன்றே வாங்கிவிடுங்கள். பிறகு ஆளைப் பிடிக்க முடியாது.

லெஸ்டர்: புதுக் கடைக்கு எத்தனை நாள் எடுக்கும்?

ஆட்சேபத்துக்கு 28 நாள். ஒருவரும் எதிர்க்காவிட்டால் உரிமம் தந்தே ஆக வேண்டும். எதிர்த்தால் விசாரணை. வெளிர்நீல ஏ4 தாளில், 16 புள்ளிக்குக் குறையாத எழுத்தில், வெளியே நின்று வாசிக்கக்கூடியதாக நோட்டீஸ் ஒட்ட வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகை விளம்பரம் 10 வேலைநாளுக்குள் வர வேண்டும். விண்ணப்பங்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இரண்டிலும்தான். பிழைத்தால் 28 நாளைத் திரும்ப எண்ணச் சொல்வார்கள். கட்டணம் கடையின் ரேட்டபிள் மதிப்பை (வணிக வரிக்காகக் கணித்த மதிப்பு) பொறுத்தது: 4,301 முதல் 33,000 பவுண் வரையானால் 190 பவுண்.

ஈஸ்ட்ஹாம்: பேர்சனல் லைசென்ஸை கடை இருக்கிற கவுன்சிலிலயா போடுறது?

இல்லை, இது மது விற்பனைக்கு உங்கள் பெயரில் எடுக்கும் தனிநபர் உரிமம், நீங்கள் குடியிருக்கும் கவுன்சிலில்தான். 37 பவுண், இந்த உரிமத்துக்கான லெவல் 2 பயிற்சிச் சான்றிதழ், ஒரு மாதத்துக்குள் எடுத்த பேசிக் டிபிஎஸ் (DBS) சான்று. (இது குற்றப்பதிவுச் சான்று. கடைப் பொறுப்பாளரைக் குறிக்கும் DPSஉம் தமிழில் டிபிஎஸ் என்றே எழுதப்படுவதால் பலர் குழம்புகிறார்கள்.)

குரோய்டன்: சங்கத்தின்ர கலை இரவு, 300 பேர். டிக்கெட் 25 பவுண், குடிவகை இலவசம். விக்கேல்லத்தானே?

விற்கிறீர்கள். டிக்கெட் காசுக்குள் குடிவகை அடக்கமென்றால் அது விற்பனை. மண்டபத்துக்கு உரிமம் இல்லாவிட்டால் டென் நோட்டீஸ் (TEN, தற்காலிக நிகழ்ச்சி அறிவித்தல்) போடுங்கள்: 21 பவுண், வேலையாட்களோடு 499 பேர் வரை. 10 முழு வேலைநாள் வேண்டும், கொடுத்த நாளும் நிகழ்ச்சி நாளும் கணக்கில் வராது. சனி 20ஆம் திகதி நிகழ்ச்சியென்றால் வெள்ளி 5ஆம் திகதிக்குள் கவுன்சில் கையில் இருக்க வேண்டும், இடையில் வங்கி விடுமுறை வந்தால் இன்னும் முந்தி. பிந்திய நோட்டீஸும் உண்டு, ஆனால் பொலிஸ் ஆட்சேபித்தால் விசாரணையே இல்லாமல் நிகழ்ச்சி நின்றுவிடும்.

குரோய்டன்: டிக்கெட்டில 'நன்கொடை' எண்டு அடிச்சால்?

அந்த நன்கொடை தராதவரை உள்ளே விடுவீர்களா? விடமாட்டீர்கள் என்றால் அது விலைதான்.

ஹேய்ஸ்: எங்கட சங்கம் வருசா வருசம் அப்பிடித்தான் செய்யுது. ஒருத்தரும் கேட்டதில்லை. சும்மா பயப்படுத்தாதேங்கோ.

கேட்காததால் சட்டபூர்வமாகிவிடாது. உரிமமில்லாமல் விற்றால் உச்சவரம்பில்லாத அபராதம், 6 மாதம் வரை சிறை. அது சங்கத்தின் பெயரோடு நிற்காது, ஏற்பாட்டாளர்மேல் விழும். 21 பவுணுக்காக ஒரு தொண்டரை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள்.

ஹேய்ஸ்: அப்ப கலியாண வீட்டிலயும் வேணுமோ?

வீட்டுக்காரர் வாங்கி விருந்தினருக்குச் சும்மா ஊற்றினால் வேண்டாம். காசு வாங்கும் பார் வைத்தால் வேண்டும்.

வெம்பிளி: சாராயம் இல்லை, கொத்துக்கடை மட்டும். இரவு 1 மணி வரை திறக்கலாமா?

11 மணியிலிருந்து காலை 5 மணிவரை சூடான உணவு விற்க உரிமம் வேண்டும்.

சட்டன்: புதுக் கடைக்கு எத்தனை நாள்?

லெஸ்டருக்குச் சொன்ன பதிலை வாசியுங்கள்.

இல்ஃபோர்ட்: விசா புதுப்பிப்பு நடக்குது, விண்ணப்பிக்கலாமா?

குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

லூட்டன்: கடை பேசி முடிச்சாச்சு, நாளைக்கு முற்பணம். வேற என்ன பாக்க வேணும்?

உரிமம் யார் பெயரில்? அதைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். ஆண்டுக் கட்டணம் நிலுவையில் இருக்கிறதா என்றும் கவுன்சிலிடம் கேளுங்கள், கட்டாத உரிமத்தை இடைநிறுத்துவார்கள்.